கூப்பிடு தூரம்

சென்ற ஆண்டு பிப்ரவரித் திங்களில் என் பெற்றோர் திருச்சியிலிருந்து சண்டிகருக்கு வந்து, இரண்டு திங்கள் என்னோடு தங்கியிருந்தனர். வந்த மூன்றாம் நாள் மாலை நான் ஆய்வுக்கூடத்திலிருந்து திரும்பியபோது அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை. இந்தியில் ஒரு சொல்லும் அறியாத அம்மா, தாமே மாடியிலிருந்து இறங்கிச் சென்று, தள்ளுவண்டிக்காரரிடம் கைச்சாடையாகவே பேசி வாங்கி வந்திருக்கிறார். "இங்கே இதுக்குக் கடிபத்தான்னு பேராம்டா" என்று சொல்லிச் சிரித்தார்.

இதுவும் ஒரு செய்தியா என்று நண்பர்கள் கேட்கலாம். எனக்கு அது பெரிய செய்திதான். காரணத்தைச் சொல்கிறேன்.

நாங்கள் இருபத்தைந்து ஆண்டுகள் உறையூரில் வாடகை வீட்டில் இருந்தோம். சந்தையும் கோயிலும் பள்ளியும் மருந்துக்கடையும் கூப்பிடு தூரத்தில் இருந்தன. அப்பா ஓய்வு பெற்றதும், வந்த பணத்தைக் கொண்டு ஊருக்கு வெளியே புதிதாகத் தோன்றிய ஒரு 'நகரி'ல் மனை வாங்கி வீடு கட்டினார். காற்றோட்டமான வீடு, நல்ல கிணறு, வாசலில் முப்பதடிச் சாலை. ஆனால் பால் ஒன்றுதான் வீடு தேடி வரும். மற்ற எதற்கும் இரண்டரைக் கிலோமீட்டர் போகவேண்டும். உப்புத் தீர்ந்தாலும் அப்பாவின் ஸ்கூட்டர் புறப்பட்டாகவேண்டும். அப்பாவுக்குக் கண்ணில் அறுவை நடந்து, நாற்பது நாள் வண்டி ஓட்டக்கூடாது என்று மருத்துவர் சொன்னபோது, அம்மாவும் அந்த நாற்பது நாளும் வீட்டுக்குள்ளேயே இருந்தார். காலில் ஒரு குறையும் இல்லாத பெண்மணி, கணவரின் கண் தெளியும்வரை வெளியே போக வழியின்றி இருந்தார்.

மொழி தெரிந்த ஊரில் முடங்கிக் கிடந்தவர், மொழி தெரியாத ஊரில் மூன்றாம் நாளே கடைக்குப் போய் வருகிறார் என்றால் அதற்கு யாது காரணம்? அம்மா மாறவில்லை, இடம் மாறியது. அந்த இடத்தின் அமைப்பைத்தான் இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன். நாம் நாள்தோறும் நடக்கும் ஊர்தான் இது என்றாலும், அதன் கணக்கை நம்மில் பலர் எண்ணிப் பார்த்ததில்லை.

நடையின் கணக்கு

மனிதர் இயல்பாக நடந்தால் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் அளவில் நடப்பர். நிமிடத்துக்கு ஏறக்குறைய 80 மீட்டர்; ஐந்து நிமிடத்துக்கு 400 மீட்டர். இதுவே பழைய அளவில் கால் மைல். முதியவர்க்கும் சிறுவர்க்கும் இன்னும் சற்று நேரம் ஆகும். கையில் பையோடு வெயிலில் போய்வரவேண்டிய ஒருவர், 'போய்விட்டு வந்துவிடலாம்' என்று தயங்காமல் கிளம்பும் தொலைவு இதுதான். தொலைவு இதைப்போல் இருமடங்கானால் யோசிப்பார். மும்மடங்கானால் வண்டியைத் தேடுவார்.

இந்தக் கால் மைலை அளவுகோலாகக் கொண்டு குடியிருப்பை அமைக்கலாம் என்பதை ஒரு முறையாக வகுத்துக் காட்டியவர் அமெரிக்கரான கிளாரன்ஸ் பெர்ரி. நியூயார்க் வட்டாரத் திட்டத்துக்காக 1929-ஆம் ஆண்டில் அவர் எழுதிய பகுதியில் 'அண்டை அலகு' என்ற கருத்தை விளக்கினார். மோட்டார் கார்கள் பெருகித் தெருவில் குழந்தைகள் அடிபட்டு இறந்துகொண்டிருந்த காலம் அது. ஆகவே பெர்ரி ஒரு தொடக்கப் பள்ளியை நடுவில் வைத்தார். எந்த வீட்டிலிருந்தும் குழந்தை பெருஞ்சாலையைக் கடக்காமல், கால் மைல் அளவில் நடந்து பள்ளியை அடையவேண்டும். அப்படி ஒரு பள்ளியை நிரப்பப் போதிய மக்கள் வாழ ஏறத்தாழ 160 ஏக்கர் நிலம் வேண்டும். அதில் பத்தில் ஒரு பங்கு பூங்காவும் விளையாட்டுத் திடலுமாக இருக்கவேண்டும். பெருஞ்சாலைகள் எல்லையோரமாகப் போகவேண்டும், உள்ளே வரக்கூடாது. கடைகள் எல்லையில், சாலைகள் சந்திக்கும் முனைகளில் இருக்கலாம். இதுவே அவர் வகுத்த திட்டத்தின் சுருக்கம்.

கருத்து சண்டிகர் வந்த கதை

1947-இல் நாடு பிரிவினையுற்றபோது லாகூர் பாகிஸ்தானுக்குப் போயிற்று. தலைநகரம் இழந்த கிழக்குப் பஞ்சாபுக்குப் புதிய தலைநகரம் வேண்டியிருந்தது. சிவாலிக் மலையடிவாரத்தில் இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. முதல் திட்டத்தை 1950-இல் வரைந்தவர்கள் அமெரிக்கரான ஆல்பர்ட் மேயரும், போலந்து நாட்டவரான மாத்யூ நோவிக்கியும். அவ்வாண்டு ஆகஸ்டில் நோவிக்கி விமான விபத்தில் இறந்தார். அதன் பின்னரே லெ கொர்புசியே அழைக்கப்பெற்றார். அவருடன் பியர் ஜான்னரே, மாக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ ஆகிய மூவரும், நம் நாட்டு இளைஞர் பலரும் பணியாற்றினர்.

மேயரின் வளைந்த சாலைகளைக் கொர்புசியே 1951-இல் நேராக்கினார் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் மேயர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த அண்டை அலகு என்ற கருத்தை அவர் கைவிடவில்லை. அதற்குச் 'செக்டார்' என்று பெயரிட்டு, ஊர் முழுவதற்கும் அடிப்படை அளவாக்கினார். நாம் கடிதத்தின் மேல் எழுதும் செக்டார் எண் வெறும் முகவரி அன்று. அது ஒரு நடையின் அளவு.

செக்டாரின் உடற்கூறு

ஒரு செக்டார் 1,200 மீட்டர் நீளமும் 800 மீட்டர் அகலமும் உடையது. ஏறக்குறைய 237 ஏக்கர். அகலவாட்டில் ஓரத்திலிருந்து நடுவுக்கு 400 மீட்டர், அதாவது ஐந்து நிமிடம். நீளவாட்டில் 600 மீட்டர், அதாவது ஏழரை நிமிடம். ஆகவே நடுவில் ஒரு பொருளை வைத்தால், பெரும்பாலான வீடுகளிலிருந்து பத்து நிமிடத்துக்குள் நடந்து அதை அடைந்துவிடலாம். பெர்ரியின் அலகைவிட இது பெரிது. ஆனால் பெர்ரி ஓரத்தில் வைத்த கடைகளைச் சண்டிகர் உள்ளே கொண்டுவந்தது. அம்மாவின் கறிவேப்பிலைக்கு அடிப்படை இதுதான்.

சாலைகளைக் கொர்புசியே ஏழு வகையாகப் பிரித்து, வி-1 முதல் வி-7 வரை பெயரிட்டார். 'வி' என்பது வழியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் முதலெழுத்து. நம்முடைய 'வீதி'க்கும் அது பொருந்தி வந்தது தற்செயலே! வி-1 பிற ஊர்களிலிருந்து வரும் சாலை. வி-2 நகரின் பெருவழி. வி-3 செக்டார்களைச் சுற்றி ஓடும் விரைவுச் சாலை. அதன்மேல் எந்த வீட்டின் வாசலும் திறப்பதில்லை. வி-4 செக்டாரின் குறுக்கே செல்லும் கடைவீதி. வி-5 உள்ளே சுற்றிவரும் தெரு. வி-6 வீட்டு வாசலுக்குக் கொண்டுவிடும் சிறு தெரு. வி-7 பசும்பட்டையினூடே போகும் நடைபாதை. சைக்கிளுக்கென வி-8 பின்னர்ச் சேர்ந்தது.

இவற்றுள் இரண்டைச் சற்று நின்று நோக்கவேண்டும். ஒன்று, வி-4 கடைவீதி. இது வேண்டுமென்றே சற்று வளைத்து அமைக்கப்பட்டது. வளைந்த தெருவில் வண்டி பறக்காது. கடைகள் ஒரே பக்கத்தில், வெயில் குறைவாகப் படும் பக்கத்தில் வைக்கப்பெற்றன. முன்னால் தாழ்வாரம் உண்டு. மே, ஜூன் மாதங்களில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊரில் நிழல் ஓர் அலங்காரமன்று; நிழல் இல்லையேல் நடை இல்லை. கடையெல்லாம் ஒரே பக்கத்தில் இருப்பதால், ஒரு கடையிலிருந்து மற்றொரு கடைக்குப் போகத் தெருவைக் கடக்கவேண்டியதும் இல்லை.

மற்றொன்று, வி-7. மலையை நோக்கிச் செல்லும் பசும்பட்டை ஒவ்வொரு செக்டாரையும் ஊடுருவி அடுத்ததற்குள் போகிறது. பள்ளியும் விளையாட்டுத் திடலும் பெரும்பாலும் அதை ஒட்டியே இருக்கின்றன. முதலில் கட்டப்பெற்ற குடியிருப்புகளுள் ஒன்றான 22-ஆம் செக்டாரில்தான் நான் குடியிருக்கிறேன். அப்பா காலையில் பசும்பட்டையில் நடப்பார். அம்மா மாலையில் கடைவீதிக்குப் போவார். இரண்டாம் வாரத்திலேயே தையற்காரர், மாவு அரைப்பவர், மருந்துக் கடைக்காரர் ஆகிய மூவருக்கும் அம்மாவைத் தெரிந்திருந்தது. எனக்கு அவர்களைத் தெரியாது!

கடை வாழ ஆள் வேண்டும்

இங்கே ஓர் ஐயம் எழலாம். கடையைப் பக்கத்தில் வைப்பது அவ்வளவு எளிதென்றால், என் பெற்றோரின் 'நகரி'ல் ஏன் ஒரு கடையும் இல்லை? அங்கும் ஒருவர் மளிகைக் கடை வைத்தார். எட்டு மாதத்தில் மூடிவிட்டார். மனைகள் இருநூறு, வீடுகள் முப்பது. முப்பது வீட்டுக்கு உப்பு விற்று ஒருவர் குடும்பம் நடத்த முடியுமா?

கணக்குப் பார்ப்போம். ஒரு கடையைச் சுற்றி ஐந்து நிமிட நடைத் தொலைவில் வட்டம் போட்டால், அதன் பரப்பு ஏறக்குறைய 50 ஹெக்டேர். ஹெக்டேருக்கு 20 பேர் இருந்தால் அவ்வட்டத்தில் 1,000 பேர். 200 பேர் இருந்தால் 10,000 பேர். ஆயிரம் பேருக்கு ஒரு மளிகைக் கடை தட்டுத் தடுமாறி நடக்கும். பத்தாயிரம் பேருக்கு மருந்துக் கடையும், மருத்துவரும், பள்ளியும், பஸ்ஸும் நடக்கும். எனவே பக்கத்தில் எல்லாம் வேண்டும் என்போர், பக்கத்தில் மக்களும் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். தனித்தனி வீடு, சுற்றிலும் தோட்டம், அமைதியான தெரு, ஆனால் கடை மட்டும் வாசலில் என்று கேட்பது நடவாத காரியம்.

சண்டிகரிலேயே இதற்குச் சான்று உண்டு. 1 முதல் 30 வரையுள்ள முதற்கட்டச் செக்டார்கள் ஒன்றரை இலட்சம் பேருக்கெனத் திட்டமிடப்பெற்றன. 31 முதல் 47 வரையுள்ள இரண்டாம் கட்டம், மொத்தத்தை ஐந்து இலட்சமாக உயர்த்தவேண்டும். சராசரி பார்த்தால் முதற்கட்டத்தில் செக்டாருக்கு ஐயாயிரம்; இரண்டாம் கட்டத்தில் இருபதாயிரம். முதற்கட்டத்திலும் வடக்கே பெரிய மாளிகைகள் உள்ள செக்டார்களில் மாலையில் நடந்து பாருங்கள். மரங்கள் இருக்கின்றன, மனிதர் இலர். 22-இலோ, நம் பல்கலைக்கழகத்துக்கு எதிரே மாணவர் நெருங்கி வாழும் 15-இலோ நடந்து பாருங்கள். இரண்டும் செக்டார்களே, வேறுபாடு ஆள்தொகை.

திட்டத்தில் இல்லாத தள்ளுவண்டி

அம்மாவுக்குக் கறிவேப்பிலை தந்தது வி-4 கடை அன்று. அக்கடையின் ஓரத்தில் நின்ற தள்ளுவண்டி. இவ்வூரில் அதை 'ரேஹ்ரி' என்பர். கொர்புசியேயின் வரைபடத்தில் ரேஹ்ரிக்கு இடமில்லை. ஆனால் கட்டிய கடையின் வாடகையைக் கொடுக்க முடியாத வியாபாரியும், அக்கடையின் விலையைக் கொடுக்க முடியாத வாடிக்கையாளரும் முதல் நாளிலிருந்தே ஊரில் இருந்தனர். அவர்கள் ரேஹ்ரியில் சந்தித்தனர். வண்டிகளை விரட்டுவதும், அவை மீண்டும் வருவதும், சிலருக்கு உரிமம் தருவதும் பல்லாண்டுகள் நடந்தன. மது சரின் 1982-இல் சண்டிகரைப் பற்றி வெளியிட்ட ஆங்கில நூலில் இவ்வரலாறு விரிவாக உள்ளது. திட்டமிட்ட நகரில் திட்டத்துக்கு வெளியே நின்ற ஏழைத் தொழிலாளர் குடிசைகளையும் அந்நூல் பேசுகிறது. தெரு வியாபாரிகளின் பிழைப்பைக் காக்கவும் ஒழுங்குபடுத்தவும் 2014-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றிற்று.

வாரத்தில் ஒருநாள் என்று முறைவைத்துச் செக்டார் செக்டாராக வரும் 'அப்னி மண்டி'யையும் இங்கே நினைக்கவேண்டும். உழவரே நேரில் விற்கும் இச்சந்தை முறை 1987-இல் பஞ்சாபில் தொடங்கியது. 1999-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய உழவர் சந்தையை அறிந்த நமக்கு இது புதிதன்று. ஆனால் இங்குள்ள நுட்பம், சந்தை மக்களைத் தேடி வருவது. நாள்தோறும் கடை நடத்த ஆள் போதாத இடத்திலும், வாரம் ஒருநாள் சந்தை நடத்த ஆள் போதும்.

தீவுகள்

இதுவரை கூறியதைக் கேட்டுச் சண்டிகர் குறையற்றது என்று எண்ணிவிட வேண்டா. அம்மாவே அக்குறையையும் எனக்குக் காட்டினார்.

23-ஆம் செக்டாரில் தஞ்சாவூர்க் குடும்பம் ஒன்று இருக்கிறது. கடைவீதியில் அந்த அம்மையாரைக் கண்டு பேசியது முதல், அவர் வீட்டுக்குப் போகவேண்டும் என்பது அம்மாவின் ஆசை. வீட்டிலிருந்து முக்கால் கிலோமீட்டர்தான். ஆனால் நடுவே வி-2. மாலை ஆறு மணிக்கு நாங்கள் இருவரும் அதன் ஓரத்தில் நின்றோம். கார்கள் ஓயவில்லை. இருமுறை காலை எடுத்து வைத்துப் பின்வாங்கினோம். மூன்றாம் முறை நான் கையைப் பிடித்து இழுக்க, அம்மா ஓடினார். எதிர்ப்புறம் சேர்ந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு, "இனிமே நீ இருந்தாத்தான் வருவேன்" என்றார். கறிவேப்பிலைக்குத் துணை தேடாதவர், தோழியைப் பார்க்கத் துணை தேடலானார். திருச்சியில் ஸ்கூட்டர் இருந்த இடத்தில் இங்கே நான்!

செக்டாரை உள்நோக்கி அமைத்ததன் விளைவு இது. உள்ளே அமைதி, வெளியே வேகம். வீட்டு வாசலோ கடையோ இல்லாத வி-3 ஓரத்தில் நடப்பவருக்குக் கண்துணையும் இல்லை. ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி 1961-இல் வெளியிட்ட நூலில், பெரிய கட்டங்களாக நகரைப் பிரிக்கும் இம்முறையையும், கொர்புசியேயின் நகரக் கனவையும் கடுமையாக எதிர்த்தார். தெருக்கள் அடிக்கடி சந்திக்கவேண்டும். வீடும் கடையும் தொழிலும் கலந்திருக்கவேண்டும். தெருவைப் பார்க்கும் கண்கள் இருக்கவேண்டும் என்றார். வி-2 ஓரத்தில் நின்ற அன்று, அவர் கூறியது எனக்கு நூலின் துணையின்றியே விளங்கிற்று.

இன்னொன்றும் உண்டு. கடையும் பள்ளியும் நடக்கும் தொலைவில் இருந்தும், இன்று இவ்வூர் நம் நாட்டில் கார்கள் மிகுந்த நகரங்களுள் ஒன்று. அகன்ற சாலையும் எளிதில் நிறுத்த இடமும் இருந்தால் மனிதர் காரையே எடுப்பர். அருகில் வைப்பது பாதி வேலை. போகும் வழியை நடப்பவருக்கு உரியதாக்குவது மறுபாதி. சண்டிகர் முதற்பாதியை நன்றாகச் செய்தது. மறுபாதியைச் செக்டாரின் எல்லையோடு நிறுத்திவிட்டது.

இக்கருத்து இன்று வேறு பெயரோடு உலகைச் சுற்றிவருகிறது. கொலம்பியாவில் பிறந்து பாரிஸில் பேராசிரியராக இருக்கும் கார்லோஸ் மொரேனோ 2016-இல் 'பதினைந்து நிமிட நகரம்' என்று அதற்குப் பெயரிட்டார். 2020-இல் பாரிஸ் மேயர் ஆன் இதால்கோ அதைத் தம் தேர்தல் திட்டமாக்கினார். பெர்ரி பள்ளியை நடுவில் வைத்தார். மொரேனோ வேலை, கடை, மருத்துவம், கல்வி, பொழுதுபோக்கு ஆகிய எல்லாவற்றையும் நடையிலோ சைக்கிளிலோ அடையவேண்டும் என்கிறார். பாரிஸுக்கு இது புதிய கொள்கை. உறையூரில் இருபத்தைந்து ஆண்டு வாழ்ந்த என் அம்மாவுக்கு இது பழைய வாழ்க்கை.

நாம் கேட்கவேண்டிய கேள்விகள்

நண்பர்களே, நம்முள் பொறியியல் பயில்வோர் உண்டு. மருத்துவம், சட்டம், பொருளாதாரம் பயில்வோர் உண்டு. நாளை நம்மில் சிலர் ஊர்களுக்குத் திட்டம் வரையலாம். சிலர் அத்திட்டத்தில் கையெழுத்திடலாம். அனைவருமே ஒருநாள் வீடு தேடுவோம். அதற்கும் முன்னரே, விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, "ஒரு மனை பார்த்திருக்கேன், வந்து பாரு" என்று அப்பா அழைப்பார். நாம் போய்ப் பத்திரத்தையும் தண்ணீரையும் சாலையின் அகலத்தையும் பார்ப்போம். அவற்றோடு இன்னும் சிலவற்றையும் கேட்போமாக.

இங்கிருந்து பத்து நிமிடம் நடந்தால் என்னென்ன கிடைக்கும்? அவ்வழியில் நிழல் உண்டா? இடையே விரைவுச் சாலையைக் கடக்கவேண்டுமா? காய்கறி வண்டியை உள்ளே விடுவார்களா, வாயிற்காவலர் தடுப்பாரா? தெருவில் ஒருவர் தம் முன்னறையைக் கடையாக்கலாமா, அதற்குத் தடை உண்டா? மனைகளில் வீடு கட்டிக் குடிவருவார்களா, விலை ஏறட்டும் என்று பூட்டி வைப்பார்களா? வண்டி ஓட்டுபவர் நோயுற்றால், வீட்டிலுள்ள மற்றவர் எப்படி வெளியே போவார்?

கடைசிக் கேள்வியை எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. மனை பார்க்கப் போனபோது நானும் உடனிருந்தேன். கிணற்று நீரைக் குடித்துப் பார்த்து, "நல்லா இருக்குப்பா" என்று சொன்னவன் நான்தான்.

ஏப்ரலில் பெற்றோர் ஊர் திரும்பினர். சென்ற வாரம் அம்மா தொலைபேசியில் பேசினார். மூடிக்கிடந்த மளிகைக் கடையின் முன்னால் வாரம் இருமுறை காய்கறி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்த ஒருவர் இசைந்திருக்கிறாராம். முப்பது வீட்டுப் பெண்களிடமும் நடந்துபோய்ப் பேசி, அவரிடமே வாங்குவதாக வாக்குப் பெற்றுத் தந்தவர் அம்மாவாம். "அந்தச் சந்தை மாதிரிதான்டா, செக்டாருக்கு வருமே, அது மாதிரி" என்றார். கறிவேப்பிலையை மட்டும் கொசுறாகவே தரவேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டாராம்.